பெயர் சொல்லாத காட்டுக்கு நாலு ஸ்டார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இடத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ரிவ்யூ எழுதுகிறவன் பெயரைச் சொல்லவில்லை என்றால் இது என்ன ரிவ்யூ என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் முன்பதிவு செய்யும்போதே அவர்கள் கேட்டுக்கொள்கிற விஷயம் அது: போட்டோ எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், மேப்பில் குறி வைக்காதீர்கள், பெயர் போட்டு எழுதாதீர்கள். சேர்வராயன் மலையில், சேலத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், லாபநோக்கமில்லாத ஒரு அறக்கட்டளை பார்த்துக்கொள்கிற காடு. இவ்வளவு போதும். ஏற்காட்டில் நாலு பேரிடம் விசாரித்தால் மிச்சம் தெரிந்துவிடும். விசாரிக்கிற அளவுக்குப் பொறுமை உள்ளவர்கள் வந்தால் போதும் என்பது அவர்கள் கணக்காக இருக்கலாம்.

நாங்கள் போனதற்குக் காரணம் எங்கள் பாப்பா. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மே மாதக் கோடை விழா நேரத்தில் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போயிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முன்னால் நிற்கிற வண்டியின் பின்விளக்கைப் பார்த்தபடியே ஏறி, படகுக்கு வரிசையில் நின்று, லேடீஸ் சீட் காட்சிமுனையில் யார் தலையும் விழாமல் ஒரு போட்டோ எடுக்க முடியாமல், மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். இறங்கும்போது அவள், "ஏரியும் காடும் சேர்ந்ததுதான் ஏற்காடுன்னு மிஸ் சொன்னாங்க. ஏரி பார்த்தாச்சு, காடு எங்கப்பா?" என்றாள். என்ன பதில் சொல்வது? அந்தக் கேள்விதான் ஆறு மாதம் கழித்து எங்களை இங்கே கொண்டுவந்து விட்டது.

முன்பதிவு வாட்ஸ்அப்பில் மட்டும்தான். மெசேஜ் போட்டு நாலு நாள் கழித்துத்தான் பதில் வந்தது, அதற்குள் நான் வேறு இடம் தேட ஆரம்பித்திருந்தேன். வாரத்தில் நாலு நாள் திறந்திருக்கும், ஒரு நாளைக்கு இரண்டே குழு, குழுவுக்குப் பத்துப் பேர், கூட வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். பெரியவர்களுக்கு 300 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி, சுற்றியிருக்கிற மலைக்கிராமத்துக்காரர்களுக்குக் கட்டணம் கிடையாது. எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. நன்கொடை தருவதாக இருந்தால் அது தனி, அதற்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது உண்டு. நுழைவுக் கட்டணத்துக்கும் உண்டா என்று மச்சான் கேட்டுப் பார்த்தார். கிடையாதாம்.

மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மனைவியின் அண்ணன், சொந்தமாக இரண்டு லாரி ஓட்டுகிறார். சத்தியமங்கலம் காட்டுக்குள் மைசூர் பக்கம் போகிற திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து ராத்திரியில் லாரி ஓடக்கூடாது என்று உயர் நீதிமன்ற உத்தரவு அமலில் இருக்கிறது இல்லையா, அதிலிருந்தே அவருக்குக் காடு என்றால் குறுக்கே விழுந்த கட்டை மாதிரிதான். "மிருகத்துக்கு நேரம் பார்த்து வழி விடுறோம், மனுஷனுக்கு யார் விடுறது?" என்று மைசூர் பக்கம் லோடு போகும்போதெல்லாம் ஒரு முறை சொல்வார். அப்படிப்பட்டவர் புளூடூத் ஸ்பீக்கரோடு வந்து இறங்கினால் வாசலில் என்ன நடக்கும்? நடந்தது. ஸ்பீக்கரை வாங்கி, டோக்கன் கொடுத்து, அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அம்மா கட்டி எடுத்து வந்த புளிசாதம் வாழையிலையில் இருந்தது, தப்பித்தது. அதற்கு மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவர் தப்பவில்லை. ஒரு முறை மட்டும் பயன்படுத்துகிற பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1ஆம் தேதியே தடை செய்துவிட்டது என்பதை எங்கள் வீடு உட்பட எல்லோரும் மறந்தாயிற்று, இவர்கள் மறக்கவில்லை. சாப்பாடு வாசலுக்குப் பக்கத்திலுள்ள கொட்டகையில் மட்டும்தான். உள்ளே தண்ணீர் பாட்டிலைத் தவிர எதுவும் கூடாது, ஒரு ஆரஞ்சுகூட. "தோல் மக்கிப்போறதுதானே" என்று நான் கேட்டேன். ஆரஞ்சுத் தோல் விழுகிற பாதைக்குக் குரங்கு வரும், அப்புறம் மனுஷன் கையில் இருக்கிற பையைப் பார்க்கும், அப்புறம் பையைப் பிடுங்கும் என்றார் வழிகாட்டி. மலை ஏறுகிற வழியில் வண்டிக் கண்ணாடியை இறக்கி பிஸ்கட் போடுகிற ஆட்களையும், அதற்காகவே சுவரில் உட்கார்ந்து காத்திருக்கிற குரங்குகளையும் அன்று காலைதான் பார்த்துவிட்டு வந்திருந்தோம். மேற்கொண்டு நான் பேசவில்லை.

கொட்டகைச் சுவரில் மொத்த நிலத்தையும் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குதான் நமக்கு. மீதிக்குள் வழிகாட்டிகளே தேவையில்லாமல் போவதில்லை, களை எடுக்கவும் தீத்தடுப்புக் கோடு போடவும்தான் போகிறார்கள். மச்சான் விடுவாரா? "முழுக் காசு வாங்கிட்டு மூணுல ஒரு பங்கைக் காட்டுறீங்களே" என்றார். வழிகாட்டி பக்கத்துக் கிராமத்து மலைவாசி, முப்பது வயது இருக்கலாம், சிரித்துக்கொண்டே சொன்னார்: "காட்டெருமை பகல்ல அங்கதாங்க சார் படுத்திருக்கும். அதையும் திறந்துவிட்டா அது எஸ்டேட்டுக்குள்ள போகும், அப்புறம் எங்க ஊருக்குள்ள வரும். எங்க வீட்டுப் பின்னாடிதான் வரும்." திம்பத்தைப் பற்றி வாதம் பண்ணுகிற மனிதருக்கு இதற்குப் பதில் இல்லை. லாரியை மறிக்கிற மிருகம் வேறு, ஒருத்தர் வீட்டுப் பின்கட்டில் வந்து நிற்கிற மிருகம் வேறு என்று அவருக்குப் பட்டிருக்கலாம்.

இந்த நிலம் ஒரு காலத்தில் காபித் தோட்டம். சேர்வராயனில் காபி வந்த கதை தெரிந்ததுதான், 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டார், அதிலிருந்து மலையின் முகமே மாறிப்போயிற்று. காபிக்கு நிழல் தரவும் மிளகுக் கொடி ஏறவும் சில்வர் ஓக் நட்டார்கள், அது ஆஸ்திரேலிய மரம். காபி விலை விழுந்து தோட்டத்தைப் பார்க்க ஆளில்லாமல் போனதும் இடைவெளியெல்லாம் உண்ணிச்செடி புகுந்துவிட்டது. நம் ஊர் வேலி ஓரத்தில் மஞ்சளும் ரோஜா நிறமுமாகப் பூக்குமே, அதேதான். வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. பழத்தைப் பறவை தின்று எச்சமிட்ட இடமெல்லாம் முளைக்கும், கீழே புல் வளர விடாது, காய்ந்தால் தீ பிடிக்க அதைவிட நல்ல விறகு கிடையாது. இந்த அறக்கட்டளைக்கு முதல் வேலையே அதைப் பிடுங்குவதுதானாம். மேலோடு வெட்டினால் திரும்பத் துளிர்க்கும், வேரோடு சேர்கிற கட்டையைக் கீழிருந்து வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். ஒரு துண்டு நிலத்தில் செய்து முடித்ததை, செய்யாத துண்டோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்றில் முழங்கால் உயரத்துக்கு இன்னது என்று சொல்ல முடியாத அத்தனை வகைக் கன்றுகள். யாரும் நடவில்லை, மண்ணில் கிடந்த விதைதான் என்றார்கள். இன்னொன்றில் உண்ணிச்செடியைத் தவிர எதுவுமில்லை. எனக்கு இந்த 300 ரூபாய் இங்கேயே செரித்துவிட்டது. ஆயிரம் கன்று நட்டோம் என்று பேனர் கட்டிப் போட்டோ எடுப்பதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நடாமல் விட்டு வளர்த்த காடு புதுசு.

அப்புறம் பாதை. பாதையைப் பற்றி யாராவது இவ்வளவு எழுதுவார்களா என்று தெரியவில்லை, ஆனால் இந்த இடத்தின் மூளை அங்கேதான் இருக்கிறது. இரண்டரை கிலோமீட்டர், ஒற்றையடிப் பாதை, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். மேட்டில் வளைந்து வளைந்து ஏறுகிறது, வளைவுக்கு வளைவு குறுக்கே ஏறிவிடலாம் போல ஆசை காட்டும், அந்த இடங்களிலெல்லாம் முள்ளையும் விழுந்த மரத்தையும் போட்டு அடைத்திருக்கிறார்கள். குறுக்கே பத்துப் பேர் ஏறினால் புல் போய்விடும், மறுநாள் இன்னும் பத்துப் பேர் அதைப் பாதை என்றே நினைப்பார்கள், ஐப்பசி மழையில் அது ஓடையாகி மண்ணைக் கீழே இழுத்துவிடும். அப்படி ஆன ஒரு இடத்தை மூடாமல் காட்டுவதற்காகவே விட்டுவைத்திருக்கிறார்கள், ஆள் உயரத்துக்குப் பள்ளம். நாங்கள் போனது தீபாவளி முடிந்த இரண்டாவது ஞாயிறு, நல்ல மழைக்குப் பிறகு, பாதையில் சேறு. என் மனைவி இயல்பாக ஓரமாகச் சுற்றிப் போகப் பார்த்தாள். "அம்மா, நடுவுலயே வாங்க" என்றார் வழிகாட்டி. எல்லோரும் சேற்றைச் சுற்றிப் போனால் ஒரு அடிப் பாதை ஒரே மழைக்காலத்தில் ஐந்தடிப் பாதையாகிவிடுமாம். பாப்பாவுக்குக் கொண்டாட்டம், சளக் சளக் என்று நடுவிலேயே போனாள். தீபாவளிக்கு வாங்கிய வெள்ளை ஷூ. வீடு வரும்வரை என் மனைவி என்னோடு பேசவில்லை, ஏதோ நான்தான் சேறு போட்ட மாதிரி.

விலங்கு பார்த்தீர்களா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. காட்டெருமையின் குளம்புத் தடம் பார்த்தோம், இன்னும் ஆவி பறக்காத குறையாகச் சாணி பார்த்தோம், குக்குறுவான் எங்கோ மரத்துக்குள் உட்கார்ந்து விடாமல் கூவிக்கொண்டிருந்தது, செம்மீசைச் சின்னான் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு பெரிய மரத்தின் கவட்டையில் ஆர்க்கிட் ஒட்டிக்கொண்டிருந்ததை வழிகாட்டி காட்டினார், பூ இல்லாத காலம் என்பதால் எனக்கு அது வெறும் இலைதான். மானும் மயிலும் கண் முன்னால் நின்றே ஆக வேண்டும் என்றால் அடிவாரத்திலேயே குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது நல்ல இடம், அங்கே போங்கள். இங்கே வந்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு ஸ்டார் போடுவது ஓட்டலுக்குப் போய் ஏன் துணி விற்கவில்லை என்று கேட்கிற மாதிரி.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஏனென்றால் எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதற்கு நேர் எதிர். கன்னங்குறிச்சி மூக்கனேரி. 58 ஏக்கர் ஏரி, சேர்வராயன் மலையில் பெய்கிற மழை வந்து சேருகிற இடம், அதை 2010ல் சேலம் மக்கள் குழு கையிலெடுத்துத் தூர்வாரியது சேலத்துக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். வாரிய மண்ணை வெளியே அள்ளிக் கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட தீவுகளாக்கி மரம் வைத்தார்கள். அதற்கு அப்புறம் நீர்க்காகமும் வக்காவும் கொக்கும் அந்தத் திட்டுகளில் வந்து அடைய, கரையில் நாம் நடை போக, ஒருவருக்கொருவர் தொந்தரவில்லாமல் ஏரி எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. அங்கே எனக்கு டிக்கெட் கொடுத்தவர் யாருமில்லை, வழிகாட்டி இல்லை. யோசித்துப் பார்த்தால் அங்கே தண்ணீரே வேலி. மனுஷன் நீந்திப் போய்த் தீவில் உட்கார மாட்டான், அந்த நம்பிக்கையில்தான் பறவை கூடு கட்டுகிறது. மலையில் அந்த வசதி இல்லை, கால் போகிற இடமெல்லாம் பாதை. அப்படியானால் வழிகாட்டியும் டோக்கனும் பத்துப் பேர் கணக்கும்தான் இங்கே தண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன். நடந்து முடித்து வந்தபோது மச்சானிடம் இதைச் சொன்னேன். "அப்போ ஏரியில படகு விட்டா அந்த வேலி போச்சு" என்றார் அவர். பார்த்தீர்களா, ஒரே நாளில் எவ்வளவு முன்னேற்றம்!

சரி, ஒரு ஸ்டார் ஏன் போனது?

முதல் காரணம் எங்கள் அம்மா. 68 வயது, முட்டி வலி. இரண்டரை கிலோமீட்டர் மேடு ஏற முடியாது என்று தெரிந்தேதான் வந்தார், ஆனால் வாசலிலேயே ஏதாவது சின்னச் சுற்று இருக்கும் என்று நினைத்திருந்தோம். எதுவும் இல்லை. கொட்டகையில் ஒரு மர பெஞ்சில் இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அதற்கும் முழுக் கட்டணம் வாங்கிவிட்டார்கள். பழைய காபி களம் வாசலுக்குப் பக்கத்திலேயே சமதரையாகச் சும்மா கிடக்கிறது, அதைச் சுற்றி நூறு மீட்டருக்கு ஒரு நடை போட்டு, இரண்டு இடத்தில் உட்கார வைத்தால் காட்டுக்கு என்ன நஷ்டம்? காட்டைக் காப்பாற்றுகிறவர்கள் கால் நன்றாக இருக்கிறவர்களை மட்டுமே கணக்கில் வைத்துக்கொண்டால் அது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது, பிப்ரவரி பிறந்தால் மே முடியும்வரை மூடிவிடுகிறார்கள், தீக் காலம் என்று. காரணம் புரிகிறது, அந்த மாதங்களில் சரிவெல்லாம் சருகு, ஒரு பீடித் துண்டு போதும். ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையே அப்போதுதான். மழை பெய்து ஈரமாக இருக்கிற வாரங்களிலாவது திறக்கலாம்.

மூன்றாவது, பெயர்ப்பலகைகள். மரத்துக்கு மரம் லத்தீன் பெயர் பெரிதாக, ஆங்கிலம் அதற்கடுத்து, தமிழ் எறும்பு மாதிரி அடியில். வழிகாட்டி அதே மரங்களுக்கு அவர்கள் ஊரில் வழங்குகிற பெயரைச் சொல்கிறார், எது பழம் தின்னலாம், எது மாட்டுக்கு ஆகாது என்று சொல்கிறார். அதைப் பலகையில் எழுதினால் என்னவாம்?

நான்காவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. திரும்பும்போது கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பெட்டிக்கடையில் டீ குடித்தோம். கடைக்கார அம்மாவிடம் எங்கே போய்விட்டு வருகிறோம் என்று சொன்னதும், "எங்க தாத்தன் காலத்துல இருந்து போன வழிங்க அது, விறகு பொறுக்க, தேன் எடுக்க. இப்ப கேட்டுட்டுப் போகச் சொல்றாங்க" என்றார். உள்ளே ஒரு சாமி கல் இருக்கிறதாம், திருவிழா அன்று மட்டும் எந்தப் பக்கமும் போகலாம், யாரும் தடுப்பதில்லை என்பதையும் அவரே சொன்னார். அவருடைய தம்பி மகன் அங்கே சம்பளத்துக்கு உண்ணிச்செடி பிடுங்குகிறான் என்பதையும். கோபமாக இல்லை, புகாராகவும் இல்லை, சும்மா சொன்னார். முந்தைய எஸ்டேட் முதலாளியிடம் யார் கேட்டுப் போனார்கள், கேட்டால் விட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை, விசாரித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு உறுத்துவது இதுதான்: 300 ரூபாய் கொடுத்து மூன்று வாரம் காத்திருந்த நான் உள்ளே நடந்தபோது பொதுமக்கள் என்று பெயர், அந்த அம்மா நடக்க அனுமதி கேட்க வேண்டும். கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாலேயே அது சரியாகிவிடுமா? விறகை எல்லோரும் எல்லா நாளும் பொறுக்கினால் அந்த முழங்கால் உயரக் கன்றுகள் மிஞ்சாது என்பதும் உண்மை. இதற்கு என்னிடம் தீர்வு இல்லை, ஆனால் அவர்களுடைய சுவர்ப் படத்தில் அந்தப் பழைய வழிகளையும் ஒரு கோடாகவாவது வரைந்திருக்கலாம். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் அந்த மலையில் எஸ்டேட்டுக்கு முன்னால் ஆளே இல்லாத மாதிரி இருக்கிறது.

அதே சமயம் மாற்று என்ன என்பதையும் சொல்ல வேண்டும், அதை வாய் விட்டுச் சொன்னது மச்சான்தான். அந்த நிலம் சந்தைக்கு வந்திருந்தால் இன்னொரு ரிசார்ட், இல்லையென்றால் மனை பிரித்து விற்பனை. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955லேயே சட்டம் வந்துவிட்டது, தனியார் காடுகளுக்கு 1949லேயே வந்தது, இருந்தும் மலையில் எத்தனை சரிவு மொட்டையாகி கட்டடமாகியிருக்கிறது என்று ஏறுகிற வழியிலேயே எண்ணிக்கொண்டு போகலாம். ரிசார்ட் வந்திருந்தால் பெட்டிக்கடை அம்மாவுக்கும் வழியில்லை, எனக்கும் ஒரு இரவுக்கு ஆறாயிரம் இல்லாமல் வழியில்லை, காட்டெருமைக்குச் சுத்தமாக இல்லை.

நாலு ஸ்டார். அம்மா விஷயத்தையும் பலகை விஷயத்தையும் சுவர்ப் படத்தையும் அவர்களுக்கு எழுதி அனுப்பினேன், இந்த முறை இரண்டே நாளில் பதில் வந்தது. களத்தைச் சுற்றி நடை போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், பலகைகளை மாற்றுகிறார்களாம். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நடை இருக்கட்டும், சாஞ்சு உட்கார்ற மாதிரி ஒரு நாற்காலி போடச் சொல்லு, அந்த பெஞ்சுல முதுகு போயிடுச்சு" என்றார். அதையும் அனுப்பியிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: காலைக் குழுவையே கேளுங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். கழிப்பறை ஒன்றே ஒன்றுதான், வாசலில், சுத்தமாக இருக்கிறது, உள்ளே போவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை வீட்டிலேயே வையுங்கள், திரும்பி வாங்க மறந்துவிட்டுப் பாதி மலை இறங்கினபின் மறுபடி ஏறினவர்கள் நாங்கள். முக்கியமாகப் பழைய ஷூ போடுங்கள். புதுசு போட்டுக்கொண்டு சேற்றைச் சுற்றிப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தால் விட மாட்டார்கள்.